வீட்டு உபயோகத்துக்கு மட்டும்

எல் கெஃப்
11 ஜனவரி 2017

ஸஃப்வா வீட்டுச் சாதன நிறுவனம்,
வாடிக்கையாளர் பிரிவு, ஸ்ஃபாக்ஸ்.

ஐயா அல்லது அம்மணி,

என் பெயர் தைய்யிப் மெஜ்ரி. முப்பத்தொரு வருடம் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். 2015 நவம்பர் 3ஆம் தேதி எங்கள் ஊர்க் கடையில் உங்கள் சலவை இயந்திரம் ஒன்றை வாங்கினேன். போன டிசம்பர் 29ஆம் தேதி காலை அது ஒரு முறை உறுமிவிட்டு நின்றுபோனது. உங்களுக்குப் போன் செய்தேன். வெகுநேரம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு ஒருவர் எடுத்து, "பத்தாவது ஷரத்தைப் பாருங்க. எதுவா இருந்தாலும் பதிவுத் தபால்ல எழுதணும். போன்ல சொன்னது கணக்கில்ல" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

ஒப்பந்தத்தின் இருபத்திரண்டு ஷரத்துகளையும் படித்துவிட்டேன். படித்தவர்கள் ஊரில் என்னையும் சேர்த்து ஒருவர்தான் இருப்பார் என்று கடைக்காரரே சொன்னார். மூன்றாவது ஷரத்து மோட்டாருக்கு இரண்டு வருட உத்தரவாதம் என்கிறது. வாங்கி பதினான்கு மாதம்தான் ஆகிறது. ஜனவரி 5ஆம் தேதி உங்கள் மெக்கானிக் லுத்ஃபி வந்தார். பின்பக்கத்தைக் கழற்றினார், ஏதோ ஓர் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டார். என் ஒப்பந்தத்தில் ஆறாவது ஷரத்தின் கீழ் பென்சிலால் கோடு போட்டார், போய்விட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "ஆபீஸ்ல சொல்வாங்க" என்றார்.

என் கேள்வி இரண்டு. மோட்டார் எப்போது மாற்றித் தரப்படும்? அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம்?

தைய்யிப் மெஜ்ரி


ஸ்ஃபாக்ஸ்
18 ஜனவரி 2017

மதிப்புக்குரிய தைய்யிப் மெஜ்ரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் நிறுவனத்தின் மேல் தாங்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு நன்றி.

மெக்கானிக்கின் அறிக்கைப்படி, தங்கள் இயந்திரத்தின் மோட்டார் எரிந்திருக்கிறது, டிரம்மின் பேரிங் தேய்ந்திருக்கிறது. உள்ளே சலவைகளை எண்ணும் கருவி இதுவரை 2,193 சலவைகளைக் காட்டுகிறது. அதாவது நாள் ஒன்றுக்கு ஐந்துக்கும் மேல். ஒரு சாதாரணக் குடும்பம் வாரத்துக்கு ஆறு அல்லது ஏழு முறை துவைக்கும் என்பது எங்கள் கணிப்பு. ஆறாவது ஷரத்தின்படி உத்தரவாதம் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே பொருந்தும், வியாபார உபயோகத்துக்குப் பொருந்தாது. எனவே தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

ரத்திபா ஸுவாரி
உத்தரவாதக் கேள்விகள்


எல் கெஃப்
24 ஜனவரி 2017

ரத்திபா அம்மணிக்கு,

நீங்கள் நன்றி சொன்ன நம்பிக்கையை நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் சலவைக்கடை நடத்தவில்லை. ஓட்டலும் நடத்தவில்லை. இந்த வீட்டில் நானும் என் மனைவியும் இருக்கிறோம், வேறு யாரும் இல்லை. எங்கள் வீட்டில் என்ன துவைக்கிறோம், எத்தனை தடவை துவைக்கிறோம் என்பது எங்கள் விஷயம். என் வீட்டு இயந்திரத்துக்குள் எனக்குத் தெரியாமல் ஓர் உளவாளியை வைத்து விற்றிருக்கிறீர்கள், இப்போது அவன் சொன்னதை வைத்து என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

ரயிலில் ஒரு விதி உண்டு. பயணியிடம் அபராதம் கேட்டால், எந்த விதியின் கீழ் என்று அச்சடித்த எழுத்தில் காட்ட வேண்டும். "எங்கள் கணிப்பு" என்று எந்த டிக்கெட் பரிசோதகரும் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு இத்தனை தடவைக்கு மேல் ஓடினால் உத்தரவாதம் இல்லை என்று உங்கள் ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது? நான் தேடிவிட்டேன். இல்லை. இருந்தால் ஷரத்து எண்ணை எழுதுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

இங்கே பனி விழுந்துகொண்டிருக்கிறது. சீக்கிரம் எழுதவும்.

தைய்யிப் மெஜ்ரி


ஸ்ஃபாக்ஸ்
2 பிப்ரவரி 2017

மதிப்புக்குரிய தைய்யிப் மெஜ்ரி அவர்களுக்கு,

தாங்கள் சொன்னது சரி. ஒப்பந்தத்தில் அப்படி ஓர் எண் கிடையாது. ஆறு வருடமாக இந்த மேஜையில் இருக்கிறேன், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அந்தக் கணிப்பு அலுவலக உபயோகத்துக்கான ஓர் அட்டவணையில் இருக்கிறது. அதை ஷரத்தைப் போல எழுதியது என் தவறு.

ஆறாவது ஷரத்தில் இருப்பதை அப்படியே தருகிறேன்: "வீட்டு உபயோகம் என்பது, இயந்திரம் இருக்கும் வீட்டில் குடியிருப்பவர்களின் சொந்தத் துணிகளைத் துவைப்பது." எத்தனை தடவை என்பது கேள்வி இல்லை, யாருடைய துணி என்பதுதான் கேள்வி.

இதை எங்கள் மேலாளர் ஸீ முன்திரிடம் சொன்னேன். அவர் மெக்கானிக்கின் குறிப்பை எடுத்துக் காட்டினார். "கூடத்திலும் நடையிலும் கயிறு கட்டி இருபதுக்கும் மேற்பட்ட படுக்கைவிரிப்புகள் காய்ந்தன. கரியடுப்பு மூட்டியிருந்தது. குளோரின் வாடை. முற்றத்தை ஒட்டிய அறைப்பக்கம் போக வாடிக்கையாளர் விடவில்லை" என்று லுத்ஃபி எழுதியிருக்கிறார். மேலாளர் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன்: "ரெண்டே ரெண்டு பேர் இருக்கிற வீட்ல இருபது விரிப்பு எதுக்கும்மா? கிழவன் ஏதோ லாட்ஜுக்குத் துவைச்சுக் குடுக்கிறான். நம்ம காதுல பூ சுத்துறான்."

விரிப்புகள் யாருடையவை, எதற்கு அத்தனை சலவை என்று தாங்கள் விளக்கமாக எழுதினால் கோப்பை மறுபடி திறக்க முடியும்.

ரத்திபா ஸுவாரி


எல் கெஃப்
9 பிப்ரவரி 2017

அம்மணி,

கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கோப்பை மூடிவிடவும். இதன் பிறகு கடிதம் எதுவும் அனுப்ப வேண்டாம்.

தை. மெஜ்ரி


ஸ்ஃபாக்ஸ்
15 பிப்ரவரி 2017

தைய்யிப் ஐயாவுக்கு,

இது அலுவலகத் தாள் இல்லை என்பதைப் பார்த்திருப்பீர்கள். இது என் சொந்தத் தாள், தபால்தலையும் என்னுடையது. எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். படிக்க விருப்பமில்லை என்றால் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்து என்னோடு மல்லுக்கு நின்ற மனிதர், ஜெயிக்கப்போகிற நேரத்தில் இரண்டு வரியில் விலகிக்கொண்டது எனக்குப் பிடிபடவில்லை. பொய் சொல்கிறவர்கள் இன்னும் நீளமாக எழுதுவார்கள். அது எனக்குத் தெரியும், தினமும் படிக்கிறேன்.

லுத்ஃபியைப் போனில் பிடித்தேன். அவன் கஸ்ரீன் பக்கம் ஏதோ ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு அடியில் படுத்துக்கொண்டு பேசினான்.

"அந்த விரிப்புல ஓட்டல் பேர் ஏதாவது போட்டிருந்துச்சா?"

"இல்லக்கா. பழைய விரிப்பு. ஓரத்துல பூவேலை, கையால தைச்சது."

"எல்லாம் ஒரே அளவா?"

"ஒத்தைக் கட்டில் அளவு. ஆனா ஒண்ணு, எல்லாமே நடுவுல மட்டும் வெளுத்துத் திட்டுத்திட்டா இருந்துச்சு. ஓரமெல்லாம் புதுசு மாதிரி இருக்கு."

அவன் அதற்கு மேல் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

நான் நினைப்பது தவறாக இருக்கலாம். சரியாக இருந்தால், விளக்கமாக எழுதச் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள். அப்படிக் கேட்க எனக்கு உரிமையே இல்லை. ஷரத்து யாருடைய துணி என்று மட்டும்தான் கேட்கிறது, ஏன் என்று கேட்கவில்லை. "துவைத்த துணி எல்லாம் இந்த வீட்டில் குடியிருக்கும் எங்கள் இருவருடையது" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். காரணம் எழுத வேண்டாம். நானும் கோப்பில் எழுத மாட்டேன்.

கெஃப்பில் இந்த மாதம் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என் அத்தை அங்கேதான் வாழ்க்கைப்பட்டாள்.

ரத்திபா


எல் கெஃப்
27 பிப்ரவரி 2017

மகளே ரத்திபா,

மகளே என்று எழுதுவது உனக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடிதத்தில் சொல், அம்மணிக்கே திரும்பிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அந்த மெக்கானிக் பார்த்ததும், நீ ஊகித்ததும், ஸ்ஃபாக்ஸில் யாரோ ஒரு பெண்ணுக்கு என் வீட்டு விரிப்பின் நடுப்பகுதி தெரிந்திருப்பதும் எனக்குத் தாங்கவில்லை. கடிதத்தைக் கோட்டுப் பைக்குள் திணித்துவிட்டேன். நீ சொன்ன ஒரு வரியை எழுதலாம் என்று நான்கு முறை பேனாவை எடுத்தேன். எழுதினால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மன்னூபியா கேட்டாள். மன்னூபியா என் மனைவி. பள்ளிக்கூட விடுதியில் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவள், அவளிடம் எதையும் மறைக்க முடியாது.

"ஸ்ஃபாக்ஸ்ல இருந்து கடுதாசி வந்துச்சே, என்ன எழுதியிருக்கா?"

"ஒண்ணுமில்ல. முடியாதுன்னுட்டாங்க."

"முடியாதுன்னு சொல்றதுக்கு ரெண்டு தாளா? எடுங்க அதை."

படித்துக் காட்டினேன். நடுவில் ஒரு பத்தியை விட்டுவிட்டுப் படித்தேன். "எதையோ முழுங்கிட்டீங்க, திரும்பப் படிங்க" என்றாள். படித்தேன். வெளுத்துப்போன நடுப்பகுதியைப் பற்றியும் படித்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"பொண்ணு கெட்டிக்காரி. நீங்க வேலை பார்த்த ரயில்ல இப்படி ஒருத்தி இருந்திருந்தா, டிக்கெட் இல்லாம ஒருத்தன் போயிருக்க மாட்டான்" என்றாள். பிறகு, "எழுதிப் போட வேண்டியதுதானே. எதுக்கு உக்காந்திருக்கீங்க?" என்றாள்.

"உன் விஷயத்தை ஊரெல்லாம் எழுதச் சொல்றியா?"

"என் விஷயமா? வெட்கம் எனக்கா உங்களுக்கா? நான் படுத்திருக்கேன், எனக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியல, அது ஆண்டவன் குடுத்தது. ரெண்டு மாசமா ஐஸ் தண்ணியில கையை விட்டு விட்டு விரல் வெடிச்சு ரத்தம் வருதே, அது நீங்களா வாங்கிக்கிட்டது. ராத்திரி என்னைப் புரட்டிப் போடும்போது அந்தக் கை என் முதுகுல உப்புத்தாள் மாதிரி உரசுது. அது உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அவளுக்கு வலிக்கிறது என்று அவள் அதுவரை சொன்னதே இல்லை.

பிறகு "எழுதுங்க, நான் சொல்றேன்" என்றாள். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்:

"ரத்திபாவுக்கு மன்னூபியா சொல்றது. எனக்கு முதுகெலும்புல கட்டி வந்து 2015 செப்டம்பர்ல அறுத்து எடுத்தாங்க. அதுக்கப்புறம் நான் எழுந்திருக்கல. எப்ப போகுதுன்னு எனக்குத் தெரியாது. நாளைக்கு அஞ்சு தடவை, சில நாள் ஆறு தடவை விரிப்பு மாத்துறார். சேர்த்து வைக்க முடியாது, வாடை வரும், எனக்குப் புண் வந்துடும். இதுவரைக்கும் ஒரு புண் வரல. ஆஸ்பத்திரி நர்ஸே நம்பல. உங்க மெஷின் நல்ல மெஷின்தான், பாவம், இந்த வீட்டுக்கு வந்து மாட்டிக்கிச்சு. தெருவுல எனக்கு முட்டி வலின்னு சொல்லி வச்சிருக்கார் இவர். முட்டி வலிக்கு யாராச்சும் ஒன்றரை வருஷம் வெளியே வராம இருப்பாங்களா? விரிப்பெல்லாம் என்னோடது. என் கல்யாணத்துக்கு நானே தைச்சது. இதுக்கு மேல என்ன வேணும்னாலும் கேளு, இவரைக் கேக்காத, என்னைக் கேளு."

கையெழுத்தும் அவளே போட்டிருக்கிறாள். படுத்துக்கொண்டு போட்டதால் கோணலாக இருக்கிறது. தனித் தாளில் நீ கேட்ட ஒரு வரியையும் எழுதி இணைத்திருக்கிறேன். கோப்பில் எதை வைப்பது என்பதை உன்னிடமே விட்டுவிட்டோம்.

தைய்யிப்


ஸ்ஃபாக்ஸ்
9 மார்ச் 2017

தைய்யிப் ஐயாவுக்கும் மன்னூபியா அம்மாவுக்கும்,

மகளே என்பதை மாற்ற வேண்டாம்.

கோரிக்கை ஏற்கப்பட்டுவிட்டது. முதலில் இதை எழுதிவிட்டேன், நடந்ததைக் கீழே படித்துக்கொள்ளலாம். மோட்டாரும் பேரிங்கும் புதிதாகப் போடப்படும். லுத்ஃபி 16ஆம் தேதி வியாழக்கிழமை காலை வருவான்.

கோப்பில் அந்த ஒரு வரித் தாளை மட்டும்தான் வைத்தேன். அம்மா சொன்ன பக்கம் என் வீட்டில் இருக்கிறது. ஸீ முன்திர் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அது அவருக்குக் கோபம் வருவதற்கு முன்னால் நடக்கும்.

"இவ்வளவுதானா? ரெண்டாயிரத்து நூத்துச் சொச்சம் சலவைக்கு ஒரு வரியா? வீட்ல யாராவது சீக்காளி இருக்காங்களா? இருந்தா டாக்டர் சர்ட்டிஃபிகேட் வாங்கச் சொல்லு, பார்க்கலாம்."

"ஷரத்துல சர்ட்டிஃபிகேட் கேக்கல, சார்."

"நான் கேக்கறேன்."

"நீங்க கேக்கலாம். அவர் திரும்ப எழுதுவார், எந்த ஷரத்துன்னு. அவர் எழுதினா நான் என்ன பதில் போடறது? போன தடவை அட்டவணையைக் காட்டி மாட்டிக்கிட்டோம்."

"உனக்குக் காரணம் தெரியும். தெரிஞ்சுகிட்டுச் சொல்ல மாட்டேங்கிற."

"தெரியும். சொல்ல மாட்டேன்."

அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள், எல்லோரும் தட்டச்சை நிறுத்திவிட்டார்கள். அவர் கோப்பை என் பக்கம் தள்ளி, "அப்ப உன் கையெழுத்துல போ. நாளைக்கு இது லாட்ஜுன்னு தெரிஞ்சா நீதான் பதில் சொல்லணும்" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். இந்த வருடம் முழுவதும் நான் ஏற்கிற ஒவ்வொரு கோரிக்கையும் அவர் மேஜை வழியாகத்தான் போக வேண்டும் என்று மறுநாள் உத்தரவு வந்தது. இதை நீங்கள் வருத்தப்படுவதற்காக எழுதவில்லை. மறைத்தால் அம்மா இரண்டு தடவை படிக்கச் சொல்வார்கள் என்பதால் எழுதுகிறேன்.

இனி வேலை விஷயம். கவனமாகப் படியுங்கள். உங்கள் உத்தரவாதம் வரும் நவம்பர் 3ஆம் தேதி முடிகிறது. இந்த வேகத்தில் ஓடினால் புது பேரிங்கும் அடுத்த வருடம் தேயும். ஆனால் பதினான்காவது ஷரத்து, மாற்றிய பாகத்துக்கு மாற்றிய நாளிலிருந்து ஒரு வருடம் தனி உத்தரவாதம் தருகிறது. அதைப் பலர் கேட்பதில்லை, நாங்களாகச் சொல்வதும் இல்லை. லுத்ஃபியிடம் தேதியும் பாகத்தின் எண்ணும் போட்ட சீட்டைக் கேட்டு வாங்காமல் அவனை வெளியே விடாதீர்கள். டிரம்மைப் பாதி அளவுக்கு மேல் நிரப்ப வேண்டாம், பேரிங் அதிக நாள் உழைக்கும். குளோரினை நேராக ஊற்றாதீர்கள், தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். அது ரப்பரைத் தின்றுவிடும். விரல் வெடிப்புக்கு ஆலிவ் எண்ணெய் தடவி இரவு துணி சுற்றிக்கொள்ளச் சொல்கிறாள் என் அம்மா.

ரத்திபா


எல் கெஃப்
20 மார்ச் 2017

மகளே ரத்திபா,

லுத்ஃபி வந்தான், வியாழக்கிழமை சொன்ன நேரத்துக்கு. சீட்டு வாங்கிவிட்டேன், பாகத்தின் எண்ணை நானே குனிந்து சரிபார்த்தேன். முற்றத்து அறைக்கதவு இந்த முறை திறந்தே இருந்தது. அவன் தயங்கி நின்றான். "உள்ள வாப்பா, ஒட்டிக்கிற நோய் இல்ல" என்றாள் மன்னூபியா. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா, நான் எழுதினதுக்கு..." என்று ஆரம்பித்தான். "கண்ணால பார்த்ததைத்தானே எழுதின. உக்காரு, சாப்பிட்டுப் போ" என்று அவனுக்கு போர்குல் கோதுமைக் கஞ்சி கொடுக்கச் சொன்னாள். உப்பு குறைவு என்று என்னைத் திட்டினாள். அவன் இரண்டு கிண்ணம் குடித்தான்.

உன் மேலாளர் விஷயத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டாக்டர் சர்ட்டிஃபிகேட்டை நானே அவருக்கு நேராகப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன் என்றேன். மன்னூபியா, "அந்தப் பொண்ணு உங்களுக்காகச் சண்டை போட்டு ஜெயிச்சதை நீங்க போய்த் தோக்கடிக்கப் போறீங்களா?" என்றாள். அனுப்பவில்லை. நீ கேட்டால் மட்டும் அனுப்புவேன், அதே நாளில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை பளீரென்று வெயில் அடித்தது. இயந்திரம் ஓடி முடிந்ததும் வழக்கம்போல நடையில் கயிறு கட்டப் போனேன். "மேல கொண்டு போங்க" என்றாள். மேலே என்றால் மொட்டைமாடி. பதினெட்டு மாதமாக எங்கள் வீட்டுத் துணி மாடிக்குப் போனதில்லை. தெருவில் பாதி வீட்டுக்கு எங்கள் மாடி தெரியும். நான் நின்றேன். "துணி எங்க காயணுமோ அங்க காயட்டும். போங்க" என்றாள்.

நடையில் ஈரமாகக் கிடந்தவற்றையும் சேர்த்துப் பதினோரு விரிப்புகளைப் போட்டேன். கடைசி விரிப்பை உதறும்போது பக்கத்து மாடியில் ஜாஸியா நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வருடப் பழக்கம், மன்னூபியாவின் தோழி. வந்து வந்து கதவைத் தட்டுவாள், தூங்குகிறாள் என்று நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். விரிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஸீ தைய்யிப், இவ்வளவும் யாருக்கு?"

காற்றில் விரிப்புகள் படபடத்துக்கொண்டிருந்தன. கையிலிருந்த விரிப்பைக் கயிற்றில் போட்டேன். கடைசியில் சொன்னேன்: "மன்னூபியாவுக்கு. முட்டி இல்ல, ஜாஸியா. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் கிடையாது. அறுவைக்குப் போனதுல இருந்து."

அவள் இறங்கிப் போய்விட்டாள். போயிற்று, இனி தெரு முழுக்கப் பேசுவார்கள் என்று படியில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் வாசல் கதவை உடைப்பது போலத் தட்டினாள். திறந்ததும் என்னைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே போனாள்.

"அடி பாவி, முட்டி வலியா? உனக்காக நான் தைலம் காய்ச்சி அனுப்பினேனே, அதை என்னடி பண்ணினே?"

"இவர் தடவிக்கிட்டார், இவருக்கு நிஜமாவே முட்டி வலி."

"என்கிட்ட சொல்றதுக்கு என்னடி? என் மூணு பிரசவத்துலயும் நீதானே பக்கத்துல இருந்தே, அப்ப நான் உன்கிட்ட எதை மறைச்சேன்?"

அன்று ஒரு மணி நேரம் கத்தினார்கள். இன்று மூன்றாவது நாள். காலையிலேயே வந்துவிட்டாள், என்னைக் கேட்காமல் விரிப்பை மாற்றிவிட்டாள், மடித்துப் போடும் விதம் சரியில்லை என்று எனக்கே பாடம் எடுத்தாள். போய் வெளியே காற்று வாங்கிவிட்டு வா என்று துரத்திவிட்டாள். பதினெட்டு மாதத்தில் எனக்குப் போக இடம் மறந்துவிட்டது. அதனால் வாசலில் நாற்காலி போட்டு உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே இருவரும் என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். மன்னூபியா இருமுகிற அளவுக்குச் சிரிக்கிறாள். என்னவென்று போய்க் கேட்கிறேன்.

தைய்யிப்